உனக்கு வராத காமாலை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோவிலில் பூசை முடிந்து வந்த நேரத்தில் நீ போன் செய்தாய். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்டா, பொங்கிடும்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அன்றைக்குப் பால் வாங்கவே இல்லை. பதில் தெரியாத இடத்தில் எனக்கு இப்படி ஏதாவது ஒரு பொய் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், உன் அப்பா "இன்னாடி ஆச்சு" என்று வந்து நிற்பார். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். யாருக்குக் காட்டத் தோன்றினாலும் காட்டு. மறைத்து வைக்க எனக்கு இதில் ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த வியாழக்கிழமை எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். கட்டி பெரிதாகிவிட்டது, ரத்தம் போய்ப் போய் உடம்பில் ஒன்றுமில்லை, இரண்டு யூனிட் தயாராக இருந்தால்தான் கை வைப்பேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு ஓ நெகட்டிவ். அதற்கு அதைத் தவிர வேறு வகை ஏற்றக்கூடாது. உனக்கும் அதே வகை. நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் வந்து குடுக்கறேம்மா. ஃபார்ம்ல அந்தக் கேள்விக்கு இல்லைன்னு ஒரு டிக், அவ்ளோதான். ரெண்டு வருஷமா எனக்கு ஆனந்த் மட்டும்தான், அவனுக்கு நான் மட்டும்தான். போன மாசம்கூட ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தோம், ஒண்ணும் இல்ல. நீதான அன்னைக்கு அப்டி போடச் சொன்ன?" கடைசியில் சொன்னதை நீ குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் குத்தியது. ஆமாம், அன்றைக்குப் போடச் சொன்னது நான்தான். இன்றைக்கு வேண்டாம் என்கிறேன். ஏனென்று சொல்ல வேண்டுமானால் அந்த நோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது துறைமுகத்தில் அப்பா மேல் இரும்புக் கம்பிக் கட்டு சரிந்தது. காலை நசுக்கிவிட்டது. "ஆள கூட்டினு வாங்கம்மா, ரத்தத்துக்கு ரத்தம் குடுத்தாத்தான் ஆவும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் வகை என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் இரண்டாம் வகுப்புக் கோடு போட்ட நோட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டு ராயபுரத்தில் தெருத் தெருவாக நடந்தேன். யார் வருவார், என்ன வகை, எங்கே இருக்கிறார் என்று எழுதிக்கொண்டே போனேன். பதினோரு பேர் வந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர், ரயில்வே கேட்டில் நிற்கிறவர், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மூன்று பேர், கோவிலில் மணி அடிக்கிறவர், பெயர் மட்டும் சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போன நாலைந்து பேர். அப்பா பிழைத்தார். வலது கால் ஒரு அங்குலம் குட்டையானதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அந்த நோட்டு என்னோடு இருக்கிறது. தீர்ந்து தீர்ந்து இப்போது ஆறாவது நோட்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற நம் அன்பியத்துக் குடும்பங்களில் தொடங்கி, கத்திவாக்கம், மணலி புதுநகர் வரைக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. யாருக்கு ரத்தம் வேண்டுமானாலும் முதலில் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். உன் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் படித்து எந்த வகைக்கு எந்த வகை சேரும் என்று கற்றுக்கொண்டேன். பெயர், வகை, தெரு, கடைசியாகக் கொடுத்த தேதி என்று நான்கு கட்டம். ஐந்தாவது கட்டத்தில் குறிப்பு: "நைட் டூட்டி", "ஊசியைப் பார்த்தால் மயக்கம்", "சனிக்கிழமை கூப்பிட வேண்டாம், குடித்திருப்பார்". நீ அதைப் படித்துவிட்டு, "போலீஸ்ல சேர வேண்டியவம்மா நீ" என்று சிரித்தாய்.

பதினெட்டு முடிந்த அதே வாரம் நீ போய் முதல் முறை கொடுத்தாய். எனக்கு எப்போதும் ரத்தம் பத்தாது, ஒரு தடவைகூட என்னிடம் எடுத்ததில்லை. என் பங்கையும் சேர்த்து நீ கொடுப்பதாக நினைத்துக்கொள்வேன். ஏழு முறை கொடுத்தாய். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்பதுதான் அந்த நாட்களில் உன் உண்மையான பதில் என்று பிறகு ஒருமுறை சொன்னாய். நம்புகிறேன். ஏழு தேதிகளும் நோட்டில் வரிசையாக இருக்கின்றன. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் என் பாவம் இருக்கிறது.

நான்கு வருடம் முன்பு, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. நீ லீவில் வந்திருந்தாய். பக்கத்து வீட்டு செலின் அக்காவின் மகள் ரீட்டாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கும் ஓ நெகட்டிவ். நோட்டைப் பிரிக்கவே இல்லை நான், உன்னைத்தான் எழுப்பினேன். முகம்கூடக் கழுவாமல் வந்தாய். ரத்த வங்கிக்கு உள்ளே போய் இருபது நிமிடத்தில், மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டே வெளியே வந்தாய்.

"எடுக்கலம்மா."

"ஏன்டா, ரத்தம் கம்மியா?"

"இல்ல. ஆம்பளைங்களோட உறவு உண்டான்னு கேட்டாங்க. உண்டுன்னு சொன்னேன். இனிமே எப்பவுமே குடுக்கக்கூடாதுன்னு எழுதிட்டாங்க."

நீ சொன்னதில் இரண்டு செய்தி இருந்தது. ஒன்று ரத்தத்தைப் பற்றியது. இன்னொன்று உன்னைப் பற்றியது, எத்தனை வருடமாக நெஞ்சில் வைத்திருந்தாயோ, அந்த வராண்டாவில் நின்று சொன்னது. இரண்டாவது காதில் விழாதவள் போல முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். "உள்ள ஒருத்தி சாவக் கெடக்கறா. இல்லைன்னு போட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானடா?" என்றேன். நீ யார் என்று பெற்றவளிடம் நீ சொன்னதற்கு நான் கொடுத்த முதல் பதில் அது. நீ கோபப்படவில்லை. "ரீட்டாவுக்குப் போற ரத்தமாச்சேம்மா. எதுக்கோ கேக்கறாங்க. பொய் சொல்லிட்டுப் படுக்க மனசு வரல" என்றாய். அதற்குள் செலின் அக்கா ஓடி வந்தாள். "இன்னாடா கண்ணு, எடுத்துட்டாங்களா? கேட்டுகினே கீறாங்கடா உள்ள!" என்று உன் கையைப் பிடித்தாள். நான் முந்திக்கொண்டேன்: "அவனுக்குக் காமாலைக்கா. ஹாஸ்டல்ல வந்துச்சாம், என்கிட்டகூட சொல்லல பாரு. அதான் எடுக்கல." நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு குனிந்து சட்டைக் கைப் பொத்தானைப் போட்டாய். போட்டு முடிக்க உனக்கு ரொம்ப நேரம் ஆனது.

நோட்டிலிருந்த இன்னொரு ஓ நெகட்டிவ் முருகேசன், போன் போட்டு மணலி புதுநகரிலிருந்து வந்து சேர இரண்டு மணி நேரம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, இரண்டு லாரிகளுக்கு நடுவில் பைக்கை நுழைத்து நுழைத்து, வேர்வையோடு வந்து படுத்தார். ரீட்டா பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. அந்த இரண்டு மணி நேரமும் நீ என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் உடம்பில் நல்ல ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து நோட்டில் உன் பெயருக்கு நேரே எட்டாவது தேதி எழுத வேண்டிய கட்டத்தில் "காமாலை" என்று எழுதினேன். மற்றவர்களிடம் சொன்னது போதாதென்று நோட்டிலும் எழுதினேன் பார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரும் பார்க்காத என் நோட்டில்கூட உன்னை உன்னைப்போல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். காலை நீவிவிட்டுக்கொண்டார். "எனக்குப் பதினோரு பேரு ரத்தம் குடுத்தான். அதுல எவன் எப்டின்னு நீ கேட்டியா?" என்றார். "இல்ல" என்றேன். "நானும் கேக்கல. உள்ள ஓடிகினுதான் கீது" என்று சொல்லிவிட்டு, "புள்ள சாப்ட்டானா?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அதற்குப் பிறகு நீ ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் சென்ட்ரல் வரைக்கும் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் ஏன் வந்தார் என்று இப்போது உனக்குப் புரியும்.

பொய் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. அடுத்த வெள்ளி அன்பியத்தில் உன் கல்லீரலுக்காக ஜெபமாலையில் ஒரு காரணிக்கம், பத்து மணி, சொன்னார்கள். நானும் முழங்கால் போட்டு எல்லோரோடும் சேர்ந்து பதில் சொன்னேன். செலின் அக்கா தன் மகளுக்காக நீ ஓடி வந்ததை மறக்கவில்லை. நீ ஊருக்கு வருகிறாய் என்று தெரிந்தால் தண்டவாள ஓரத்தில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மோரில் அரைத்து, சொம்பு நிறைய எடுத்து வருவாள். "ஒரே மூச்சுல குடிக்கணும், வெச்சு வெச்சு குடிக்கக்கூடாது" என்று தலைமாட்டில் நிற்பாள். நீ குடிப்பாய். வராத நோய்க்கு மருந்து. அதே அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கை எல்லோருக்கும் தட்டில் கொடுத்து உனக்கு மட்டும் பேப்பரில் கொடுத்தாள், தண்ணீருக்குத் தனி டம்ளர். நீ கவனித்தாய் என்று எனக்குத் தெரியும். நான் கவனிக்காதது போல இருந்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உனக்குத் தெரியாது. பெண் பார்க்கலாமா என்று வந்த இரண்டு இடத்தை, "புள்ளைக்கு ஈரல் கொஞ்சம் வீக்கு" என்று சொல்லி நானே திருப்பி அனுப்பினேன். நீ படும் சங்கடத்தைக் குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். குறைந்தது என் சங்கடம். மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. "லீவு கெடைக்கல" என்றாய். சரி என்றேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொள்ளாமல் நான் தனியாக ரத்த வங்கிக்குப் போனேன். உனக்குப் பதில் எழுதும் முன் அந்த ஃபார்மை ஒரு தடவை என் கண்ணால் படிக்க வேண்டும் என்றிருந்தது. கவுன்சலர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். எதற்கு என்று கேட்டாள். என் ஆபரேஷன் சீட்டைக் காட்டினேன். கொடுத்தாள். ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துப் படித்தேன். உன் கேள்வி இருந்தது. மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்ற கேள்வியும் அதே தாளில் இருந்தது. நீ சொன்ன உண்மையும் நான் சொன்ன பொய்யும் ஒரே தாளில்.

"ஏம்மா, எடுத்த ரத்தத்த நீங்க டெஸ்ட் பண்ணுவீங்கதான? அப்பறம் எதுக்கு இந்தக் கேள்வி?" என்றேன்.

"பண்ணுவோம்மா. ஆனா ஒரு நோய் ஒட்டின புதுசுல கொஞ்ச நாள் டெஸ்ட்ல சிக்காது. அந்த நேரத்துல எடுத்த ரத்தம் ஒரு கொழந்தைக்கு ஏறிடுச்சுன்னா? மாசாமாசம் ரத்தம் ஏத்திக்கற பசங்க இங்க வர்றாங்க. அவங்களுக்காகத்தான் இவ்ளோ கேள்வி."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் உடம்பில் ஏறப்போகிற ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானும்தானே நினைக்கிறேன். "சரிம்மா, ஒரே ஆளோட இருக்கறவன், டெஸ்ட்டும் எடுத்துக்கினவன், அவன்?" என்று கேட்டேன்.

"அப்டியெல்லாம் பிரிச்சுப் பாக்க ரூல்ல எடம் இல்லம்மா. ஆம்பளையோட உறவுன்னா வேணாம், முடிஞ்சுது."

"கல்யாணம் ஆனவன் வெளிய போயிட்டு வந்தா?"

"அதுவும் கேப்போம். சொன்னா எடுக்க மாட்டோம்."

"சொன்னாத்தான?"

அவள் சிரித்துவிட்டாள். "நாங்க ரூல் போடறதில்லம்மா. கோர்ட்டுல கேஸ் கீதுன்னு சொல்றாங்க. மாத்தினா நாங்களும் மாத்திடுவோம்" என்றவள், குரலைத் தாழ்த்தி, "உங்க பையனாம்மா?" என்று கேட்டாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு வெளியாளிடம், "ஆமா, என் புள்ள" என்றேன். அவள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை கண்ணு.

பஸ்ஸில் வரும்போது நோட்டிலிருக்கும் ஒருவனைப் பற்றி யோசித்தேன். டிரெய்லர் ஓட்டுகிறான், பெயர் வேண்டாம். ஒரு போன் போட்டால் ஓடி வருவான், நல்ல மனசுதான். ஆனால் போகிற ஊரிலெல்லாம் அவன் எப்படி இருக்கிறான் என்று அவன் பெண்டாட்டி நம் சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் அழுதிருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டே அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். ஊசிக்குப் பயப்படுகிறவனுக்கு எல்லாம் குறிப்பு எழுதிய நான் அவன் பெயருக்கு நேரே ஐந்தாவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆண்பிள்ளை அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். உன் கட்டத்தில் இல்லாத நோயை எழுதினேன், அவன் கட்டத்தில் இருந்த ஆபத்தை எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். "ஃபார்ம்ல கேக்கறதுக்கு உண்மையச் சொல்றதுன்னா வா. இல்லன்னா வராத" என்றேன். "இன்னா யக்கா, திடீர்னு ஃபாதர் மாரி பேசற!" என்றான். "வெளாட்டுக்குச் சொல்லல" என்றேன். "சரி வுடு. கொஞ்ச நாளு என் பேர எட்த்து வெய்யி. நானே சொல்றேன்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. யாரும் அவனை இதுவரை நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உன்னைப் போன்றவர்கள் ரத்தம் கொடுக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லத் தெரிந்தது இதுதான். நோயாளியின் பயம் பொய்யான பயமில்லை, அதைக் கேலி செய்யக் கூடாது. கேள்வி வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆனால் நீ யார் என்று கேட்பதைவிட, சமீபத்தில் எப்படி நடந்துகொண்டாய் என்று கேட்கட்டும். உன்னையும் கேட்கட்டும், டிரெய்லர்காரனையும் கேட்கட்டும், கோவிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவனையும் அதே கேள்வி கேட்கட்டும். சில நாடுகளில் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். இங்கே இப்போது இருக்கிற ரூல், உண்மை சொன்னவனை வாழ்நாள் முழுக்க வெளியே நிறுத்துகிறது, பொய் சொன்னவனைக் கட்டிலில் படுக்க வைத்து பிஸ்கட்டும் ஜூஸும் கொடுக்கிறது. அது நோயாளிக்கும் நல்லதில்லை. கோவில் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும், மறக்கவில்லை. எனக்கே இன்னும் புரியாதது நிறைய இருக்கிறது, புரிந்துவிட்டது என்று உன்னிடம் நடிக்க மாட்டேன். காமாலைப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து வெளியே வந்தபோது, இது யாரிடம் சொன்ன பொய்யோ அவர்களிடம் போய்ச் சொன்னால்தான் தீரும் என்று தோன்றியது.

அதற்கு நான் போக வேண்டியிருக்கவில்லை, அதுவே வந்தது. புதன்கிழமை காலை செலின் அக்கா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஈரத் துணியில் சுற்றிய ஒரு கட்டோடு வந்து நின்றாள். "புள்ள வரானாமே. வேரோட புடுங்கினு வந்தேன். இந்தா, அரைச்சு வெய்யி."

"அதக் கீழ வெய்யிக்கா. அவனுக்குக் காமாலை இல்ல."

"போயிடுச்சா? மாதாவே!"

"போவலக்கா. வரவே இல்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் பொய் சொன்னேன்."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இன்னாத்துக்கு எடுக்கல? எதுனா பெரிய நோயாடி? என்கிட்ட சொல்லு."

"ஒரு நோயும் இல்ல. ஒரு கேள்வி கேட்டாங்க. ரீட்டாவுக்குப் போற ரத்தமாச்சேன்னு உண்மையச் சொன்னான். அந்த பதிலு சொன்னவங்ககிட்ட எடுக்கறதில்லையாம். இன்னா கேள்வின்னு அவனா சொன்னா சொல்லட்டும். சொல்லலன்னா நீயும் கேக்காத."

அந்தக் கேள்வி என்ன என்று அவள் என்னைத் துளைக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அப்ப நான் அரைச்சு அரைச்சு ஊத்துனதெல்லாம்?"

"குடிச்சான்."

"கசக்குமேடி அது. நாக்குல வெக்க முடியாதே. ஒரு வார்த்த சொல்லலியே அந்தப் புள்ள."

"என்னக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "என் பொண்ணுக்காக உண்மையச் சொன்னவன நீ நோயாளி ஆக்கிட்ட. நான் அவனுக்குத் தனி டம்ளரு வெச்சேன்டி. பேப்பர்ல கேக்கு குடுத்தேன். என்னயும் சேத்துல்ல கலீஜ் ஆக்கிட்ட நீ!" என்று கத்திவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கீழாநெல்லி படியிலேயே கிடந்தது. இத்தனை வருடப் பழக்கம் அன்றோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எடுத்து எறியவும் மனசு வரவில்லை, அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

மத்தியானம் ரீட்டா வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. "அத்த, அந்த நோட்ட எடுங்க" என்றாள். "எனக்கும் ஓ நெகட்டிவ்தான? நாலு வருஷமா ஏன் என்ன எழுதல?" ரத்தம் ஏற்றிக்கொண்டவளாயிற்றே என்றேன். "ஏத்திக்கினவ குடுக்கக்கூடாதா? வர்ற வழியில ஆஸ்பத்திரில கேட்டுட்டுதான் வரேன். ஒரு வருஷம் தாண்டினா குடுக்கலாமாம். எழுதுங்க." எழுதினேன். முருகேசனுக்கும் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டது, வருகிற புதன்கிழமையே வந்து கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு யூனிட் ஆகிவிட்டது. போகும்போது ரீட்டா, "அண்ணன் வந்தா வூட்டுக்கு வரச் சொல்லுங்க. அம்மா புதுசா டம்ளரு செட்டு வாங்கினு வந்துகீது, எல்லாம் ஒரே மாரி" என்றாள்.

ரீட்டா வராமல் போயிருந்தால் இதை இவ்வளவு தைரியமாக எழுதியிருப்பேனா என்று நீ கேட்கலாம். தெரியாது கண்ணு. ஆனால் "வேண்டாம்" என்று எழுதிய முதல் பக்கம் செவ்வாய்க்கிழமையே எழுதியது. உன் ரத்தம் எனக்கு ஆகாது என்று இல்லை. அது என் ரத்தம், அதற்கு என்ன குறை? நான்கு வருடத்துக்கு முன் நீ உண்மை சொன்ன அதே மேஜையில், எனக்காக உட்கார்ந்து அதை நீயே அடித்து எழுதக் கூடாது. அன்றைக்கு உன்னைப் பொய் சொல்லச் சொன்ன ஒரே ஆள் நான். அந்தப் பொய்யால் பிழைத்தேன் என்று நான் எழுந்து நடமாட வேண்டாம். ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுச் செய்திருக்க வேண்டும், செலின் அக்காவிடம் பேசியதை. கேட்கவில்லை. என் பொய்யை மட்டும்தான் எடுத்தேன், உன் உண்மையைத் தொடவில்லை. அது எப்போது, யாரிடம் என்பது உன் இஷ்டம்.

நோட்டிலும் திருத்திவிட்டேன். "காமாலை" என்பதை அடித்துவிட்டு, "உண்மை சொன்னான், எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். உன் பெயரை அடிக்கவில்லை. ரூல் மாறுகிற அன்றைக்கு முதல் போன் உனக்குத்தான்.

நீ வா. ரத்தம் கொடுக்க வேண்டாம், சும்மா வந்து அந்தப் பெஞ்சில் உட்கார். இந்த முறை ஒரே பக்கம் பார்த்து உட்காரலாம். ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் பாஸுக்கு ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரை எழுதலாம். அப்பாவால் அந்த மாடிப்படி ஏற முடியாது, "சின்னப் பசங்க பேர எழுது" என்று சொல்லிவிட்டார். முதல் வரியில் உன் பெயர், உறவு: மகன். இரண்டாவது வரியில் ஆனந்த் என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். உறவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ரூம்மேட் என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. வேறென்ன எழுதுவதென்று நான் முடிவு செய்ய முடியாது. இரண்டு பேரும் வந்து நிரப்புங்கள். எதை எழுதினாலும் கீழே கையெழுத்துப் போடப்போவது நான்.

உன் அம்மா